ஏறிய விலை யாருடையது?

போன தை மாதம் ஒரு காலையில், ஜீயபுரத்தில் எங்கள் வயலுக்குப் போகும் வழியில், வாய்க்கால் மதகுப் பக்கம் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு செல்போன். நிலத் தரகர். "சார், உங்க ஒன்றரை ஏக்கரை ஒரு பார்ட்டி கேக்குறாங்க" என்று ஆரம்பித்து ஒரு தொகையைச் சொன்னார். அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் 33 வருஷம் வேலை பார்த்து, ஓவர்டைம், போனஸ், பணிக்கொடை எல்லாம் சேர்த்து நான் சம்பாதித்த மொத்தத்தைவிட அது அதிகம்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே செய்ய வேணாம் சார். கையெழுத்து போட்டாப் போதும். நஞ்சையை மனையாக்குறது, அப்ரூவல் வாங்குறது எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. உங்க நிலம் மேடு சார், தண்ணி நிக்காது. பக்கத்து நிலத்துக்கெல்லாம் இந்த ரேட்டு வராது."

அவர் போன பிறகு வரப்பில் உட்கார்ந்தேன். அவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் மனசில் நின்றன. ஒன்று, ஒண்ணுமே செய்ய வேணாம் என்பது. இன்னொன்று, நிலம் மேடு என்பது. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரியாகப் பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

ஜீயபுரம் திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது. குடமுருட்டிப் பாலம் தாண்டி, கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், அல்லூர் என்று வரிசையாக வரும் ஊர்களுக்கு அடுத்தது. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் பேட்டைவாய்த்தலையில் பிரிந்து வரும் உய்யகொண்டான் வாய்க்கால். சோழர் காலத்து வாய்க்கால். நடுவில் வாழை, வெற்றிலை, நெல். நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்தப் பக்கத்து நிலத்தை யாரும் சென்ட் கணக்கில் பேசியதில்லை. மா, குழி என்றுதான் பேச்சு. சென்ட் என்கிற சொல் எப்போது வந்ததோ அப்போதே நிலம் வயலாக இருப்பதை நிறுத்திவிட்டது என்று நினைக்கிறேன்.

விலை ஏன் ஏறியது என்பதில் ரகசியம் இல்லை. துவாக்குடியில் தொடங்கிப் பஞ்சப்பூர் வழியாகச் சுற்றி வந்து ஜீயபுரம் பக்கம் கரூர் சாலையைத் தொடும்படி ஒரு அரைவட்டச் சாலை திட்டமிட்டார்கள். ஏரிகளுக்குள் சாலை போவதை விவசாயிகள் எதிர்த்தார்கள், வழக்கு நடந்தது, வேலை பல வருஷம் நின்று நின்று நகர்ந்தது. இதற்கிடையே பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025-இல் திறந்தாயிற்று. விமான நிலையத்துக்குப் புது முனையம் 2024-இல் வந்தது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருப்பவர்கள் ஊரில் ஒரு மனை வாங்கிப் போட வேண்டும் என்று நினைக்கிறார்கள். இவை எல்லாம் சேர்ந்து எங்கள் வாழைத்தோப்பின் மேல் விலையாக இறங்கியிருக்கின்றன.

இதில் என் பங்கு என்ன? சாலையை நான் போடவில்லை. வழக்கையும் நான் நடத்தவில்லை. சிங்கப்பூரில் ஓவர்டைம் பார்த்துப் பணம் அனுப்பியவன் நான் இல்லை. வாய்க்காலை வெட்டியது எந்தக் காலத்து ஆட்களோ. நான் செய்தது, 1998-இல் என் அப்பாவுக்கு மகனாக இருந்தது. அது ஒன்றுதான்.

விலை என்பது எவ்வளவு தூரம் மண்ணுக்கு வெளியே இருக்கிறது என்பதற்கு இன்னொன்றும் சொல்லலாம். 2017 ஜூனில் தமிழக அரசு நிலங்களின் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திருப்பியது. இறங்கியபோதும் ஏறியபோதும் என் வயலில் ஒரு வாழைக்குக்கூடத் தெரியாது.

ஆடிட்டர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். நகர எல்லையிலிருந்து சட்டம் சொல்கிற தூரத்துக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலம், வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்தே இல்லை என்றார். "வித்தா வரி கிடையாது. கொடுத்து வெச்சவன்யா நீ." சம்பளத்தில் மாதா மாதம் பிடித்த வரி ஞாபகம் வந்தது. உழைத்த பணத்தில் நாடு பங்கு கேட்டது. உழைக்காத பணத்தில் கேட்கவில்லை.

*

இனி மேடு.

அந்த வயல் எங்கள் தாத்தா காலத்தில் பள்ளக்கால். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் வடியாது. நெல் அழுகும். அதை மேடாக்கியது எங்கள் குத்தகைக்காரரின் அப்பா. வாய்க்கால் தூர் வாரும்போது கரையில் கொட்டும் வண்டலை வருஷா வருஷம் மாட்டு வண்டியில் அடித்து வந்து கொட்டிச் சமப்படுத்தினார். யாரும் கூலி கொடுக்கவில்லை. குத்தகையும் குறையவில்லை. மேடான பிறகு வாழை வைக்க முடிந்தது. வாழை வந்ததும் எங்கள் அப்பா குத்தகையைக் கொஞ்சம் ஏற்றினார். இதை அப்பாவே ஒரு தடவை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அப்போது நானும் சிரித்தேன்.

ஆக, பக்கத்து நிலத்துக்குக் கிடைக்காத விலை என் நிலத்துக்குக் கிடைப்பதற்குக் காரணம் ஒரு மனிதரின் முதுகு. சாலையால் ஏறிய விலையில் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வண்டலால் ஏறிய விலைக்கு ஆள் தெரியும், வீடு தெரியும். அவருடைய மகன்தான் இப்போது தோப்பைப் பார்க்கிறார்.

அவர் அப்பா என் அப்பாவை 'சாமி' என்பார். இவர் என்னை 'சார்' என்கிறார். இவருடைய மகன் தனியார் கல்லூரியில் படிக்கிறான், என்னை 'அங்கிள்' என்கிறான். மூன்று தலைமுறையில் விளி இவ்வளவு மாறியிருக்கிறது. ஆனால் குத்தகைக்கு இன்றுவரை ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969-லேயே சட்டம் இருக்கிறது. அதற்கும் முன்னால் 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்படிப் பதிந்துவிட்டால் வெளியேற்றுவது கஷ்டம். எங்கள் பக்கம் பதிவு உள்ளவருக்கு விற்கும்போது விலையில் ஒரு பங்கு கொடுத்து எழுதி வாங்குவது வழக்கம். இவர் பதியவில்லை. ஏன் என்று கேட்டால், "சாமி மனசு கோணும்னு அப்பா வேணாம்ன்டாருங்க" என்பார். மரியாதைக்காக விட்டுக்கொடுத்த உரிமை. அந்த மரியாதையை நாங்கள் லாபமாக எழுதிக்கொண்டோம்.

2013-ஆம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டத்தைப் பார்த்தேன். அரசு நிலம் எடுத்தால், பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிற கணக்கில் உடைமையாளர் மட்டும் வருவதில்லை. மூன்று வருஷமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரும் விவசாயக் கூலியும் வருகிறார்கள். அந்தச் சாலைக்காக அரசு என் நிலத்தை எடுத்திருந்தால் குத்தகைக்காரர் ஒரு மனிதராகக் கணக்கில் வந்திருப்பார். நானே விற்றால் அவர் கணக்கிலேயே இல்லை. அரசைவிட நான் ஒரு படி கீழே நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

*

இப்போது ஆற்றைத் தாண்ட வேண்டும். அண்ணா ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் இருக்கிறார்.

1998-இல் அப்பா சொத்தைப் பிரித்தார். ஸ்ரீரங்கத்து வீடு அண்ணாவுக்கு. ஜீயபுரத்துப் பழைய வீடும் வயலும் எனக்கு. அன்றைய மதிப்பில் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு முன்னால் வயல் ஒன்றுமே இல்லை. அதனால் சமன் செய்ய அம்மாவின் நகையில் பெரும்பகுதி எனக்கு. அப்பா ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, தராசு பிடிக்கிற மாதிரி கூட்டிக் கழித்துக் காட்டினார். "ரெண்டு பேருக்கும் நான் ஒரே மாதிரிதான் பண்ணியிருக்கேன்" என்றார். உண்மைதான். அன்றைக்கு அது நியாயமான பங்கு.

அதன் பிறகு நடந்ததைத் திருச்சிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் வெள்ளித்திருமுத்தம் கிராமம் என்று வருவாய்க் கணக்கில் இருக்கும் பகுதியில் 300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தின் அடிமனை தன்னுடையது என்கிறது கோயில். அந்த மண் மேல் நிற்கிற வீடுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. தலைமுறைகளாக வாங்கினோம், விற்றோம், பத்திரம் பதிந்தோம், வரி கட்டினோம் என்கிறார்கள் அவர்கள். பத்திரப்பதிவு நின்றுபோனது. ஒவ்வொரு தேர்தலிலும் இது ஒரு வாக்குறுதி.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கோயில் பக்கத்து வாதம் லேசானதில்லை. கோயில் நிலம் தமிழ்நாடு முழுக்கக் கைமாறிக் கைமாறிக் கரைந்திருக்கிறது, பிடித்து நிறுத்தாவிட்டால் மிச்சமும் போய்விடும் என்கிறார்கள். அடுத்தவர் மண்ணில் வீடு கட்டிக்கொண்டவருக்குப் பாதுகாப்புத் தர 1921-லேயே ஒரு சட்டம் வந்தது. 1996-இல் அதில் திருத்தம் செய்து சமய நிறுவனங்களின் நிலத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். தெய்வத்தின் சொத்தைப் பாதுகாப்பது நோக்கம். அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் விளைவு என் அண்ணாவின் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அவருக்கு வயது 76. பின்கட்டு ஓடு ஒழுகுகிறது. மாடிப்படி ஏற முடியவில்லை. வீட்டின் பேரில் வங்கிக் கடன் கிடைக்காது. விற்க நினைத்தாலும் வாங்க ஆள் வராது. அரை மைல் தள்ளி அம்மா மண்டபம் சாலையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரிசையாக எழும்பியிருக்கின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், கடைசிக் காலத்தில் பெருமாள் பக்கத்தில் இருக்கலாம் என்று வந்து வாங்குகிறார்கள். பெருமாளுக்கு அவர்களைவிடக் கிட்டே இருக்கிற வீட்டுக்கு விலையே இல்லை.

"விலை வேணும்னு நான் கேக்கலடா" என்றார் அண்ணா ஒரு நாள். "விக்க முடியும்னு தெரிஞ்சாப் போறும். தெரிஞ்சா விக்க மாட்டேன்."

இந்த வாக்கியத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வெளியே பூட்டிய அறையில் இருப்பதும், தாழ் போடாத அறையில் தானாக விரும்பி இருப்பதும் பார்ப்பவருக்கு ஒன்றுதான். உள்ளே இருப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அண்ணா வீட்டு வாசல் திண்ணையை ஒட்டிய அறையில் 20 வருஷத்துக்கு மேல் ஒரு அம்மாள் குடியிருக்கிறார். பூக்கட்டிப் பிழைக்கிறவர். வாடகை சொற்பம். அந்த வீதிக்கு விலை ஏறியிருந்தால் அண்ணா எப்போதோ விற்றிருப்பார், வாங்கியவர் இடித்துக் கட்டியிருப்பார், அந்த அம்மாள் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் எங்காவது போயிருப்பார். அண்ணாவின் சிறை அவருக்கு நிழல். விலை நின்றுபோனதால் ஒருவர் சிக்கிக்கொண்டார், இன்னொருவர் தப்பித்தார். ஆகவே விலை ஏறுவது நல்லது, ஏறாதது கெட்டது என்று ஒரே வரியில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

*

விலை ஏற்றத்தில் உடைமையாளனுக்கு என்ன உரிமை என்ற கேள்வி பழையது. பொருளியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: உழையாமல் வந்த ஏற்றம். ஜான் ஸ்டூவர்ட் மில் இதைப் பற்றிக் கவலைப்பட்டார். 1879-இல் அமெரிக்காவில் ஹென்றி ஜார்ஜ் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ஊர் வளர்வதால் நிலத்தின் விலை ஏறுகிறது, ஊரை வளர்த்தது எல்லோரும், எனவே அந்த ஏற்றம் வரியாக எல்லோருக்கும் திரும்ப வேண்டும் என்பது அவருடைய வாதம். வீடு, கடை, பயிர் எல்லாம் உழைத்தவனுக்கு. வெறும் மண்ணின் மதிப்பு மட்டும் ஊருக்கு.

டால்ஸ்டாய்க்கு ஜார்ஜைப் பிடித்துப்போனது. 'புத்துயிர்ப்பு' நாவலில் நெஹ்லூதவ் தன் நிலத்தை ஜார்ஜின் வழிப்படி குடியானவர்களிடம் கொடுக்கப் போகிறான். அவர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். எஜமான் சும்மா கொடுப்பானா, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று விலகி நிற்கிறார்கள். பணிமனையில் வேலை பார்த்த காலத்தில், இரவு ஷிப்டின் இடைவேளையில் படித்த நாவல். நெஹ்லூதவின் சங்கடம் அப்போது வேடிக்கையாக இருந்தது.

ஜார்ஜின் வாதத்தைச் சோதித்துப் பார்க்க திருச்சியிலேயே இடம் இருக்கிறது. தில்லைநகரில் வீட்டு விலை ஏன் அவ்வளவு? அகலமான குறுக்குத் தெருக்கள், மருத்துவமனைகள், கடைகள், சுத்தம் என்று சொல்லலாம். அந்தச் சுத்தம் எப்படி வந்தது? குப்பை அங்கிருந்து போய்விடுகிறது. எங்கே போனது? அரை நூற்றாண்டாக அரியமங்கலத்துக்குப் போனது. அங்கே சுமார் 47 ஏக்கரில் ஊரின் குப்பை மலையாகக் குவிந்தது. அதை இப்போது தரம் பிரித்து அகற்றுகிறார்கள். ஆனால் இத்தனை வருஷம் அந்தப் புகையில் குடியிருந்தவர்களின் மனைக்கு விலை ஏறாததும், இங்கே ஏறியதும் தனித்தனிக் கதைகள் இல்லை. ஒரே நகரத்தின் ஒரே கணக்கு. இங்கே வரவில் எழுதியதில் கொஞ்சம் அங்கே செலவில் எழுதப்பட்டிருக்கிறது. விலை ஒரு மனையின் குணம் என்று நாம் நினைக்கிறோம். அது பக்கத்து மனைகளோடு அதற்கு இருக்கிற உறவு.

பணிமனை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுத்தார். "நாளைக்கு விலை இறங்கினா உன் நஷ்டத்துல பங்குக்கு எவன் வருவான்? வரமாட்டான்ல? அப்ப லாபத்துல மட்டும் எதுக்குப் பங்கு?"

இது சாதாரணக் கேள்வி இல்லை. ரிஸ்க் எடுத்தவனுக்கு லாபம் என்பது வியாபாரத்தின் நியாயம். ஆனால் என் விஷயத்தில் ரிஸ்க் எடுத்தது யார்? காற்றில் தோப்பு மொத்தமும் சாய்ந்த வருஷம் ஒன்று உண்டு. தார் பிடிக்கும் பருவம். நஷ்டம் முழுக்கக் குத்தகைக்காரருக்கு. மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து எனக்குக் குத்தகைப் பணம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். நண்பரின் நியாயப்படியே பார்த்தாலும் லாபம் என்னுடையது ஆகவில்லை.

"சரி, நீ ஒருத்தன் குடுத்து ஊரு மாறிடுமா?" என்றார்.

மாறாது. ஜார்ஜ் கேட்டது சட்டம். நான் பேசுவது என் கை. சட்டம் வரும்வரை என் கையில் இருப்பது யாருடையது என்ற கேள்விக்கு விடுமுறை கிடையாது.

*

சிங்கப்பூரில் இருக்கும் என் பள்ளித் தோழன் ஊருக்கு வந்திருந்தபோது அடிமனை விவகாரத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான். அவன் இருப்பது அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீடு. 99 வருஷக் குத்தகை. மண் அரசுடையது. 1966-இல் சட்டம் போட்டு அரசு நிலத்தை எடுத்துக்கொண்டே போனது, இன்று அந்த நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி அரசிடம்தான். "எனக்கும் அடிமனை சொந்தமில்லடா. ஆனா நான் நிம்மதியாத் தூங்குறேன்" என்றான்.

அவனுக்கும் அண்ணாவுக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் பிறர் மண்ணில் இருக்கிறார்கள். ஒருவனுக்கு எத்தனை வருஷம், என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது எழுத்தில் இருக்கிறது. இன்னொருவருக்கு எதுவும் எழுத்தில் இல்லை. மண் சொந்தமில்லை என்பது துன்பம் இல்லை. நாளை என்ன என்று தெரியாததுதான் துன்பம்.

இதை அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே வேறு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. எதுவும் எழுத்தில் இல்லாத இன்னொருவர் எங்கள் தோப்பில் இருக்கிறார். அண்ணாவுக்காக நான் பேசிய ஒவ்வொரு வாதமும் குத்தகைக்காரருக்கும் பொருந்தும். தலைமுறைகளாக இருந்தோம், கட்டினோம், கொடுத்தோம், காகிதம் மட்டும் இல்லை. அங்கே அண்ணா நிற்கிற இடத்தில் இங்கே அவர் நிற்கிறார். அங்கே மண்ணுக்கு உரிமை கேட்கும் இடத்தில் இங்கே நான் நிற்கிறேன். அங்கே உரிமை கேட்பது ஒரு கோயில், தெய்வத்தின் பெயரால். நான் யார் பெயரால் கேட்கிறேன்?

பழைய பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். தாத்தா, அவருடைய அப்பா, அதற்கு முன்னால் விற்றவர், அவருக்கு விற்றவர். பெயர்கள் எல்லாம் அக்ரஹாரத்துக்குள்ளேயே சுற்றி வருகின்றன. சேற்றில் இறங்கியவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. பத்திரம் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறது.

*

பங்குனித் திருவிழாவில் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பல்லக்கில் ஜீயபுரம் வருவார். இங்கே ஒரு கிழவி இருந்தாளாம். பேரன் ரங்கன் காவிரிக்குப் போனவன் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனான். கிழவி அழுது அழைக்க, பெருமாளே பேரன் வேஷத்தில் வந்து, அவள் போட்ட பழைய சோற்றையும் மாவடுவையும் சாப்பிட்டார். பிறகு நிஜப் பேரன் வந்து நின்றான். பெருமாள் மறைந்தார். அதற்காக இன்றும் வருஷத்துக்கு ஒரு நாள் வருகிறார். இங்கே பழைய சோறும் மாவடுவும்தான் அமுது.

இந்த வருஷம் அண்ணாவும் வந்திருந்தார். மண்டபத்து நிழலில் உட்கார்ந்திருந்தோம். அங்கே அடிமனைக்கெல்லாம் சொந்தக்காரர், இங்கே ஒரு ஏழை வீட்டு விருந்தாளி என்று எனக்குத் தோன்றியது. சொந்தக்காரராக வந்திருந்தால் அந்தக் கிழவி கதவைத் திறந்திருப்பாளா தெரியாது. சொன்னேன். அண்ணா சிரித்தார். "பெருமாளை வம்புக்கு இழுக்காதே" என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்தேன். நிலத்தை விற்றால் பாதி அவருக்கு என்றேன். அப்பா சமமாகத்தான் பிரித்தார், காலம் சமத்தைக் கலைத்துவிட்டது, திருப்பிச் சமன் செய்வதுதான் அப்பாவின் எண்ணத்துக்கு மரியாதை என்றேன்.

அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பா பிரிச்சாச்சு. அதுல கை வைக்கப்படாது" என்றார். "நாளைக்கே பதிவு திறந்துட்டா என் வீடு உன் நிலத்தைத் தூக்கிச் சாப்ட்டுடும். அப்போ நான் உனக்குப் பாதி குடுக்கணுமா? குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். பின்கட்டு ஓட்டை மாத்திக் குடு. தம்பி பண்ணினான்னு இருக்கட்டும். அதுக்கு மேல வேணாம்."

அண்ணா சொன்னதில் ஒரு தெளிவு இருந்தது. எங்கள் இருவருக்கும் இடையில் நடந்தது அதிர்ஷ்டம். யாரும் யாருடையதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதிர்ஷ்டத்தை அன்பால் பகிரலாம், கடனாகத் தீர்க்க முடியாது. ஆனால் குத்தகைக்காரருக்கும் எனக்கும் இடையில் இருப்பது அதிர்ஷ்டம் இல்லை. வண்டல். அது கடன். ஏறிய விலை யாருடையது என்று மொத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் எனக்குப் பதில் கிடைக்காமல் இருந்தது. விலையில் ஒரு பகுதி யாருடையதும் இல்லை, அது ஊருடையது, அதைக் கேட்க வேண்டியது ஊர். இன்னொரு பகுதிக்குப் பெயர் உண்டு. அதை யாரும் கேட்காமலே கொடுக்க வேண்டும்.

மறுநாள் தோப்புக்குப் போனேன். எப்போது விற்றாலும் விலையில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு, இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், குத்தகையையும் பதிந்துகொள்ளலாம் என்றேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். முகம் இறுகியது.

"எதுல சார் கையெழுத்து வாங்கப்போறீங்க?"

நெஹ்லூதவ் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை வேடிக்கையாக இல்லை. நம்பாதது அவர் தப்பு இல்லை. காகிதம் என்றாலே பறிபோவது என்றுதான் மூன்று தலைமுறையாக அவர்களுக்குப் பழக்கம். மகனைக் கூட்டிக்கொண்டு போய் அவருக்குத் தெரிந்த வக்கீலிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள், என் வக்கீல் வேண்டாம் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் மனசு வேறு ஒன்றில் இருந்தது.

"அது கெடக்கட்டும் சார். தார் வெட்டி முடியப்போவுது. அடுத்து கன்னு வெக்கட்டுமா, வேணாமா? அதச் சொல்லுங்க மொதல்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஹென்றி ஜார்ஜ் வரை போய்விட்டு வந்திருக்கிறேன். அவருக்கு வேண்டியது ஒரு வருஷத்துக்கான பதில். பூவன் வைத்தால் தார் வெட்ட ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். தரகர் இந்த மாதத்துக்குள் முடிவு கேட்டிருக்கிறார்.

"வைங்க" என்றேன்.

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். தரகருக்குப் போன் செய்து அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். "அடுத்த வருஷம் இந்த ரேட்டு இருக்குமோ என்னமோ சார்" என்றார். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதுவும் நான் ஒன்றும் செய்யாமலேதான் நடக்கும். எழுதிய காகிதம் இப்போது அவர் மகனிடம் இருக்கிறது. வக்கீல் பார்த்துவிட்டார், சரியாக இருக்கிறது என்றாராம். அண்ணா வீட்டுப் பின்கட்டுக்கு ஓடு வந்து இறங்கிவிட்டது.